விகிதத்துக்குத் துணைமொத்தம் போடுவது எப்படி?

விற்பனை அறிக்கை ஒன்றைத் திறக்கிறீர்கள். மண்டலம், அதற்குள் கிளைகள், ஒவ்வொரு மண்டலத்தின் அடியிலும் ஒரு துணைமொத்தம், கடைசியில் முழுமொத்தம். ஆர்டர் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. திரும்பி வந்த ஆர்டர்களைக் கூட்டினால் அதுவும் சரி. அடுத்து நிற்பது சதவீத நெடுவரிசை. அங்கே மட்டும் மேலே உள்ள எண்களுக்கும் அடியில் உள்ள எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "அறிக்கையில் தப்பு இருக்கிறது" என்று மின்னஞ்சல் அனுப்பக் கை பரபரக்கும்.

சற்றுப் பொறுங்கள். மேலே உள்ள சதவீதங்களைக் கூட்டியோ சராசரி எடுத்தோ பார்த்தால் வராத அந்த எண்தான் பெரும்பாலும் சரியானது. சராசரி எடுத்தால் கச்சிதமாக வந்து உட்காரும் எண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு சின்ன அட்டவணையை வைத்துக்கொண்டு பேசலாம்.

| மண்டலம் | கிளை | ஆர்டர் | திரும்பியவை | திரும்பும் விகிதம் |
|---|---|---|---|---|
| வடக்கு | கிளை 1 | 2000 | 100 | 5% |
| வடக்கு | கிளை 2 | 100 | 25 | 25% |
| வடக்கு | துணைமொத்தம் | 2100 | 125 | ? |
| தெற்கு | கிளை 3 | 400 | 40 | 10% |
| தெற்கு | கிளை 4 | 500 | 40 | 8% |
| தெற்கு | கிளை 5 | 0 | 0 | – |
| தெற்கு | துணைமொத்தம் | 900 | 80 | ? |
| | முழுமொத்தம் | 3000 | 205 | ? |

வடக்கு மண்டலத்தின் கேள்விக்குறியை நிரப்புவோம். 5, 25 இரண்டையும் கூட்டி 30% என்று யாரும் எழுத மாட்டார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் மென்பொருள் எழுதும். எண் நெடுவரிசை எதைக் கண்டாலும் கூட்டிவிடுவது பல கருவிகளின் இயல்பான பழக்கம். இந்தத் தப்பு ஆபத்தில்லாதது, ஏனென்றால் பார்த்ததுமே பல்லைக் காட்டிவிடும். ஆபத்தானது அடுத்தது: 5-க்கும் 25-க்கும் சராசரி, 15%. பார்க்க நியாயமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வராது.

பெருக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். 2100 ஆர்டரில் 15% என்றால் 315 ஆர்டர்கள் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தவை 125 மட்டுமே. மீதி 190 எங்கே? அவை எங்கும் இல்லை, நாம் உண்டாக்கியவை. 100 ஆர்டர் பார்க்கும் கிளையை 2000 ஆர்டர் பார்க்கும் கிளைக்குச் சமமாக உட்கார வைத்ததால் பிறந்த எண்கள் அவை.

சரியான விடை 125 ÷ 2100, அதாவது 5.95%. தெற்குக்கு 80 ÷ 900 = 8.89%. முழுமொத்தத்துக்கு 205 ÷ 3000 = 6.83%.

செய்தது இவ்வளவுதான். சதவீதத்தை மேலே தூக்கிக்கொண்டு போகவில்லை. அது எந்த இரண்டு எண்களால் ஆனதோ அந்த இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி மேலே கொண்டுபோய், அந்தந்தத் தளத்தில் (மண்டலம், முழுமொத்தம்) புதிதாக வகுத்தோம். பள்ளியில் தொகுதி, பகுதி என்று படித்தவைதான் அவை. இங்கே மேல் எண், கீழ் எண் என்றே சொல்லிக்கொள்கிறேன். துணைமொத்த வரிசை என்பது தனக்கு மேலே இருக்கும் வரிசைகளின் சுருக்கம் அல்ல. "திரும்பும் விகிதம் என்ன?" என்ற அதே கேள்வியை இன்னும் பெரிய ஒரு கூட்டத்திடம் முதலிலிருந்து கேட்பதுதான் அது.

அப்படிக் கேட்காமல் குறுக்குவழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே அட்டவணையின் முழுமொத்தத்தையே பாருங்கள். இரு மண்டலங்களின் சரியான விகிதங்களுக்குச் சராசரி எடுத்தால் 7.42%. நான்கு கிளைகளின் விகிதங்களுக்குச் சராசரி எடுத்தால் 12%. இன்னும் ஓர் ஆர்டர்கூட வராத கிளை 5-ஐ 0% என்று கணக்கில் சேர்த்துவிட்டால் 9.6%. அதே பூஜ்ஜியத்தோடு ஒவ்வொரு மண்டலத்துக்கும் முதலில் சராசரி எடுத்து, பிறகு அந்த இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 10.5%. ஒரே தரவு, நான்கு தப்பான விடைகள், நான்கும் நம்பும்படியானவை. இரண்டு பேர் இரண்டு வழியில் கணக்குப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் சண்டை போடுவது இப்படித்தான் தொடங்குகிறது. நானும் போட்டிருக்கிறேன், தப்பான பக்கத்தில் நின்று.

கிளை 5 பற்றி ஒரு வார்த்தை. 0 ÷ 0 என்பது 0% அல்ல. அங்கே விகிதம் என்பதே இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும், அல்லது ஒரு கோடு போட வேண்டும். 0% என்று எழுதினால், ஒன்றுகூடத் திரும்பி வராத உத்தமமான கிளை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

மேல் எண் கையில் இல்லாமல் விகிதமும் கீழ் எண்ணும் மட்டும் இருந்தால்? அப்போது நிறையிட்ட சராசரி உதவும். ஒவ்வொரு விகிதத்தையும் அதன் கீழ் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கீழ் எண்களின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். (2000 × 5% + 100 × 25%) ÷ 2100, மறுபடியும் 5.95% தான். இது புதிய முறை இல்லை, தொலைந்துபோன மேல் எண்ணைப் பெருக்கி மீட்கிறோம், அவ்வளவே. எக்ஸெலில் இந்த வேலைக்கு சம்புராடக்ட் என்ற சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது. நிறையாக எதை வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கையில் கிடைத்த பெரிய எண்ணை, உதாரணமாக விற்பனைத் தொகையை, நிறையாக வைத்துவிடுவார்கள். திரும்பும் விகிதத்தின் கீழ் எண் ஆர்டர் எண்ணிக்கை என்றால் நிறையும் ஆர்டர் எண்ணிக்கைதான். லாப விகிதத்துக்கு விற்பனைத் தொகை. கடன் தொகுப்பின் வட்டி விகிதத்துக்கு நிலுவைத் தொகை.

இதற்கு நேர்மாறாக, மேல் எண்ணும் விகிதமும் மட்டும் இருக்கிற நிலையும் வரும். 60 கிலோமீட்டரை மணிக்கு 30 வேகத்திலும் அடுத்த 60 கிலோமீட்டரை மணிக்கு 60 வேகத்திலும் கடந்தால் சராசரி வேகம் 45 இல்லை, 40. முதல் பாதிக்கு 2 மணி நேரம், இரண்டாம் பாதிக்கு 1 மணி நேரம். 120 ÷ 3. வேகத்தின் கீழ் எண் நேரம். அதை முதலில் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பழைய கதைதான்.

எல்லாக் கிளையும் முன்னேறியது, மொத்தம் மட்டும் மோசமானது

இதுவரை சொன்னதை ஒழுங்காகச் செய்து அறிக்கையும் அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் வேறொரு தலைவலி வரும். வடக்கு மண்டலத்தின் அடுத்த மாதக் கணக்கு இது: கிளை 1-இல் 1500 ஆர்டர், 60 திரும்பின, 4%. கிளை 2-இல் 600 ஆர்டர், 120 திரும்பின, 20%. இரண்டு கிளைகளும் போன மாதத்தைவிட நன்றாகச் செய்திருக்கின்றன. 5% இருந்தது 4% ஆனது, 25% இருந்தது 20% ஆனது. மண்டலத்தின் விகிதமோ 180 ÷ 2100 = 8.57%. போன மாதம் அது 5.95%.

இரண்டு பிள்ளைகளும் நன்றாகப் படித்தார்கள், வீட்டின் மதிப்பெண் மட்டும் குறைந்துவிட்டது என்பது போல இருக்கிறது. மேலாளர் கேட்கப்போவது நிச்சயம். ஆனால் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அதிகம் திரும்பும் கிளை 2-இன் பங்கு 100 ஆர்டரிலிருந்து 600 ஆர்டராக வளர்ந்துவிட்டது. கலவை மாறியது, அதனால் மொத்தம் மாறியது.

புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே 1903-இல் உட்னி யூல் சுட்டிக்காட்டியிருந்தார். புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-இல் நடந்த பட்டமேற்படிப்புச் சேர்க்கை. விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44% பேருக்கும் பெண்களில் சுமார் 35% பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அப்படி ஒரு பாகுபாடு தெரியவில்லை. சேர்க்கை கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள் என்பதே அந்த வித்தியாசத்துக்குப் பெருமளவு காரணம் என்று 1975-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே துறை, இங்கே கிளை. மொத்த வரிசை ஒன்று சொல்ல, உள் வரிசைகள் வேறொன்று சொல்லும்; இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது? நான் பரிந்துரைப்பது ஒரு நடு எண். "கலவை மட்டும் போன மாதம் போலவே இருந்திருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். 2000 ஆர்டருக்கு 4%, 100 ஆர்டருக்கு 20% என்றால் திரும்புபவை 80 + 20 = 100. 100 ÷ 2100 = 4.76%. இப்போது கதை பிரிந்துவிடுகிறது. கிளைகளின் முன்னேற்றம் விகிதத்தை 5.95-இலிருந்து 4.76-க்கு இறக்கியது, அதாவது 1.19 புள்ளி குறைவு. கலவை மாற்றம் அதை 4.76-இலிருந்து 8.57-க்கு ஏற்றியது, 3.81 புள்ளி அதிகம். நிகர விளைவு 2.62 புள்ளி ஏற்றம். அறிக்கையின் ஓரத்தில் இந்த இரண்டு எண்களைச் சேர்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் வராமலே போகும். அதோடு, உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியும் தானாக வெளியே வரும்: இவ்வளவு திரும்பும் கிளை 2-க்கு ஏன் இத்தனை ஆர்டர்கள் போகின்றன?

கருவிகள் இதை எப்படிச் செய்கின்றன

எக்ஸெலில் தரவைத் தொகுத்துத் துணைமொத்தங்களோடு காட்டும் வசதிக்கு பிவட் டேபிள் என்று பெயர். அதில் வழக்கமாக நடக்கும் தப்பு இது. மூலத் தரவிலேயே ஒவ்வொரு வரிசைக்கும் சதவீதத்தைக் கணக்கிட்டு ஒரு நெடுவரிசையாக வைத்திருப்பார்கள். பிறகு அதைப் பிவட்டின் மதிப்புப் பகுதிக்கு இழுத்துவிட்டு "சராசரி" என்று மாற்றுவார்கள். அங்கேயே வண்டி குடை சாய்ந்துவிட்டது. அதற்குப் பதில் கால்குலேட்டட் ஃபீல்டு என்ற வசதியைப் பயன்படுத்தி, "திரும்பியவை ÷ ஆர்டர்" என்ற சூத்திரத்தை அங்கே கொடுக்க வேண்டும். எந்தத் தளமாக இருந்தாலும் பிவட் முதலில் இரண்டையும் கூட்டிவிட்டு, அப்புறம்தான் வகுக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே.

ஆனால் அதே வசதி வேறோர் இடத்தில் காலை வாரிவிடும். "அளவு × விலை" என்று ஒரு சூத்திரம் போடுங்கள். ஒரு வரிசையில் 10 × 5, இன்னொன்றில் 2 × 100. உண்மையான மொத்தம் 50 + 200 = 250. கால்குலேட்டட் ஃபீல்டு முதலில் கூட்டும், பிறகு பெருக்கும்: 12 × 105 = 1260. வகுத்தலைக் கூட்டிய பின் செய்ய வேண்டும், இந்த மாதிரிப் பெருக்கலைக் கூட்டுவதற்கு முன் வரிசை வரிசையாகச் செய்ய வேண்டும். இதை ஒரு முறை மனதில் ஏற்றிக்கொண்டால் எந்தக் கருவியிலும் பாதிப் பிழைகள் தீரும்.

அறிக்கைகள் தயாரிக்கும் மென்பொருளான பவர் பிஐ-யில் இந்த வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. கால்குலேட்டட் காலம் (கணக்கிட்ட நெடுவரிசை) என்பது வரிசைக்கு வரிசை கணக்கிட்டு வைத்துக்கொள்வது. மெஷர் என்பது, அட்டவணையில் அந்தக் கட்டம் எந்தத் தளத்தில் நிற்கிறதோ அந்தத் தளத்தின் தரவை எடுத்து அப்போதைக்குக் கணக்கிடுவது. விகிதம் எப்போதும் மெஷராகத்தான் இருக்க வேண்டும்: திரும்பியவற்றின் கூட்டுத்தொகை, ஆர்டர்களின் கூட்டுத்தொகை, இரண்டுக்கும் நடுவில் டிவைட் என்ற சார்பு. கீழ் எண் பூஜ்ஜியமானால் அது கட்டத்தை வெறுமையாக விட்டுவிடும். நம் கிளை 5-க்கு வேண்டியதும் அதுவே. அளவு × விலை போன்றவற்றுக்கு, வரிசை வரிசையாகப் பெருக்கிவிட்டுக் கூட்டும் சம்-எக்ஸ் என்ற சார்பு.

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் எழுதுபவர்களுக்கு ரோல்அப் இருக்கிறது. 1999-இல் வந்த எஸ்கியூஎல் தரநிலையிலேயே அது இடம்பெற்றது. ஒரே வினவலில் கிளை, மண்டலம், முழுமொத்தம் மூன்றையும் தரும். அங்கே ஏவிஜி (சராசரி) போட்டு விகித நெடுவரிசையைச் சராசரி எடுக்காமல், சம் ÷ சம் (கூட்டுத்தொகை ÷ கூட்டுத்தொகை) என்று எழுதுங்கள். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். 125 ÷ 2100 என்பது 0 ஆகிவிடும். ஒன்றைத் தசம எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ரோல்அப் துணைமொத்த வரிசையில் கிளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நல் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) என்று வைக்கும். தரவிலேயே பெயர் இல்லாத கிளைகள் இருந்தால் இரண்டும் குழம்பும். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் குரூப்பிங் என்ற சார்பு.

கையால் எக்ஸெலில் அட்டவணை போடுபவர்கள் சப்டோட்டல் சார்பைப் பழகிக்கொள்வது நல்லது. தன் எல்லைக்குள் இருக்கும் மற்ற சப்டோட்டல்களை அது தானாகத் தவிர்த்துவிடும். முழுமொத்தத்தில் எதுவும் இரண்டு முறை எண்ணப்படாது. மேல் எண்ணுக்கு ஒன்று, கீழ் எண்ணுக்கு ஒன்று, பக்கத்தில் வகுத்தல்.

கீழ் எண்ணே கூட்ட முடியாததாக இருந்தால்

இரண்டையும் கூட்டி வகு என்பதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: இரண்டையும் கூட்ட முடியும் என்பது. எப்போதும் அப்படி இல்லை.

வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் 100 பேர். மாதம் 2 பேர் போகிறார்கள், அதே அளவு புதியவர்கள் சேர்கிறார்கள். மாத விகிதம் 2%. ஆண்டுக்கு? போனவர்களைக் கூட்டலாம், 24. ஆட்களின் எண்ணிக்கையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டினால் 1200 வரும், ஆனால் 1200 பேர் அங்கே எப்போதுமே இல்லை. 24 ÷ 1200 என்று வகுத்தால் கிடைப்பது சராசரி மாத விகிதமான 2%. ஆண்டு விகிதம் வேண்டுமென்றால் சராசரி ஆள் எண்ணிக்கையான 100-ஆல் வகுக்க வேண்டும், 24%. அதே ஆள் எண்ணிக்கையைக் கிளைகளுக்கு இடையே தாராளமாகக் கூட்டலாம். காலத்தின் திசையில்தான் கூட்டக் கூடாது. சரக்கு இருப்பு, வங்கி இருப்பு எல்லாம் இதே சாதி.

இன்னொரு வகை, தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கை. ஒரு கிளையில் 600 பேர், மற்றொன்றில் 500 பேர் என்றால் மண்டலத்தில் 1100 பேர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கிளைக்கும் போனவர்கள் 150 பேர் இருந்தால் உண்மையில் 950 பேர்தான். கிளை வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த 950-ஐக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மூலத் தரவுக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ண வேண்டும். இடைநிலை எண்ணும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) அப்படித்தான்.

1997-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் கணினி அறிவியலாளர் ஜிம் கிரேயும் சக ஆய்வாளர்களும் தொகுப்புக் கணக்குகளை மூன்றாகப் பிரித்தார்கள். கூட்டுத்தொகை போல, சிறு தொகுப்பின் விடைகளைச் சேர்த்தாலே பெரிய தொகுப்பின் விடை வருபவை முதல் வகை. சராசரி போல, விடையைச் சேர்க்க முடியாது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் சில எண்களைச் சேர்த்தால் போதும் என்பவை இரண்டாம் வகை. இடைநிலை எண் போல, முழுத் தரவையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டியவை மூன்றாம் வகை. நம் திரும்பும் விகிதம் இரண்டாம் வகை. புதிதாக ஓர் அளவீடு கைக்கு வந்தால், இந்த மூன்றில் இது எதில் விழும் என்று முதலில் கேட்டுக்கொள்வது என் வழக்கம். துணைமொத்தத்துக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வளர்ச்சி விகிதம் பற்றியும் சுருக்கமாக. கிளைகளுக்கு இடையே என்றால் பழைய முறைதான்: இந்த ஆண்டின் மொத்தத்திலிருந்து போன ஆண்டின் மொத்தத்தைக் கழித்து, போன ஆண்டின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். அடுத்தடுத்த காலங்களுக்கு என்றால் பெருக்க வேண்டும். 50% ஏறி, 50% இறங்கினால் பழைய இடத்துக்கு வரமாட்டோம், 1.5 × 0.5 = 0.75, கால் பங்கு போச்சு.

அனுப்பும் முன் செய்து பார்க்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. துணைமொத்த விகிதம் அதன் உள் வரிசைகளில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் நடுவில் இருக்கிறதா? மேல் எண்ணும் கீழ் எண்ணும் கூட்டக்கூடியவை என்றால், வெளியே போவது நிச்சயம் தப்பு. நடுவில் இருந்தால் சரி என்று அர்த்தம் இல்லை, நம் 15% கூட நடுவில்தான் இருந்தது. அதனால் இரண்டாவது சோதனை: விகிதத்தைக் கீழ் எண்ணின் மொத்தத்தால் பெருக்குங்கள், மேல் எண்ணின் மொத்தம் கிடைக்க வேண்டும். திரையில் தெரியும் இரண்டு தசமத்தை வைத்துப் பெருக்கினால் துளி வித்தியாசம் வரும், அது முழுமையாக்கலின் (ரவுண்டிங்) வேலை. வகுப்பதை மட்டும் முழுமையாக்காத எண்களை வைத்தே செய்யுங்கள்.

சாதாரணச் சராசரி எப்போதுமே தப்பு என்று சொல்லவில்லை. "ஒரு சராசரிக் கிளை எப்படி நடந்துகொள்கிறது?" என்பதுதான் கேள்வி என்றால், சின்னது பெரியது பாராமல் எல்லாக் கிளைக்கும் ஒரே மரியாதை கொடுப்பது சரிதான், நம் அட்டவணையில் அந்த விடை 12%. அதைத் துணைமொத்த வரிசையில் வைக்காமல், "கிளைகளின் சராசரி" என்று பெயர் எழுதித் தனி வரிசையில் வையுங்கள். யாராவது வெறும் சதவீதங்களை மட்டும் அனுப்பி, கீழ் எண்களைத் தராமல் "மண்டல மொத்தமும் போட்டுக் கொடு" என்று கேட்டால், கீழ் எண்களைக் கேட்டு ஒரு பதில் எழுதுங்கள். அவை வந்து சேரும் வரை அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இருக்கட்டும்.